அரிசி மாவு சாப்பிட்ட 93 பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மஞ்சளும் வயிறும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், அஜீரணத்துக்குக் கொடுத்த, மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளின் காப்ஸ்யூல், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிபிரசோல் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது என்று அதில் இருந்தது. செய்தி பொய்யில்லை. 2023-இல் வெளிவந்த ஆய்வுதான், முடிவும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் கட்டுரையாளர் ஒரு வரியை விட்டுவிட்டார். அது இல்லாமல் படித்தால் கிடைக்கிற அர்த்தமே வேறு. அதே பக்கத்தின் அடியில் 'குடல் நலக் காப்ஸ்யூல்' என்று கால் பக்க விளம்பரம் வேறு. சும்மா இருக்க மனம் வரவில்லை, எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர். பணிக்காலத்தில் பெரும்பகுதி திருவாரூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கழிந்தது. இப்போது தம்பி மகன் நடத்தும் மருந்துக் கடையில் மாலை நேரங்களில் உட்காருகிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கடைக்கு வந்து கேட்கப்படுவதில் பாதி, வயிறு சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும். கேஸ், உப்புசம், மந்தம், ஏப்பம், மலச்சிக்கல். முன்பெல்லாம் "கேஸுக்கு ஏதாவது குடுங்க" என்பார்கள். இப்போது பத்திரிகை நறுக்கையோ செல்போனில் எடுத்த படத்தையோ காட்டி, பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

முதலில் அந்த மஞ்சள் ஆய்வு. புண் போன்ற காரணம் எதுவும் புலப்படாத அஜீரணக்காரர்கள் 206 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குர்குமின், ஒரு குழுவுக்கு ஒமிபிரசோல், இன்னொரு குழுவுக்கு இரண்டும். யார் எதைச் சாப்பிடுகிறார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, மஞ்சள் கிடைக்காதவர்களுக்கு மருந்தில்லாத போலி மஞ்சள் காப்ஸ்யூல், ஒமிபிரசோல் கிடைக்காதவர்களுக்குப் போலி ஒமிபிரசோல். நல்ல ஏற்பாடு. மூன்று குழுவிலும் தொந்தரவு குறைந்தது, குறைந்த அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டுமே போலியாக வாங்கிச் சாப்பிட்ட நான்காவது குழு ஒன்று அங்கே இல்லை. விட்டுப்போன வரி இதுதான்.

இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். இரண்டு பேர் ஓடி ஒரே நேரத்தில் ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள், ஆகவே இருவரும் சமமான ஓட்டக்காரர்கள் என்கிறோம். பின்னாலேயே நடந்து வந்தவரும் அதே நேரத்துக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு என்னவாகும்? காரணம் புலப்படாத அஜீரணம் ஏறி இறங்கும் தொல்லை. வயிறு நன்றாக இருக்கும்போது யாரும் ஆய்வில் போய்ச் சேர மாட்டார்கள். தாங்க முடியாமல் போன வாரத்தில்தான் சேருவார்கள். அடுத்த வாரம் எதைக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், பலருக்குக் கொஞ்சம் தணிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஒமிபிரசோலே இந்த வகை அஜீரணத்தில் போலி மாத்திரையைக் கொஞ்ச தூரம்தான் முந்துகிறது. புண்ணுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் அது அருமையான மருந்து, அது வேறு கணக்கு. ஆகவே 'ஒமிபிரசோலுக்குச் சமம்' என்று சொன்னதில் பாராட்டு எவ்வளவு என்பதே தெளிவில்லை.

வயிற்றின் சுபாவம் எனக்குப் புத்தகத்தில் தெரிய வந்தது பிறகுதான், மருந்து கொடுக்கும் ஜன்னலில் முதலிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் சுகாதார நிலையங்களில் வயிற்று உப்புசத்துக்கு மிக்ஸ்சர் ஊற்றிக் கொடுப்போம். பாட்டில் அவரவர் கொண்டுவர வேண்டும். டானிக் பாட்டில் வரும், நல்லெண்ணெய் வாசத்தோடு பாட்டில் வரும், வெட்கமே இல்லாமல் குவார்ட்டர் பாட்டிலும் வரும். மிக்ஸ்சர் ரோஸ் நிறத்தில், புதினா மணத்தோடு இருக்கும். ஒருமுறை நிறம் சேர்க்காத மிக்ஸ்சர் ஊற்றும்படி ஆயிற்று. சோடா உப்பு முதல் எல்லாச் சரக்கும் அதேதான், நிறம் மட்டும் இல்லை. அந்த வாரம் ஜன்னலில் வந்து நின்ற கிழவிகள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "இது தண்ணி மருந்து தம்பி, ஒண்ணும் கேக்கல. போன தடவ ஊத்துனியே, ரோஸ் மருந்து, அத ஊத்து." பொய் சொல்லவில்லை அவர்கள். உண்மையாகவே கேட்கவில்லை. நிறம் திரும்பி வந்ததும் வயிறும் கேட்க ஆரம்பித்தது.

இதை நாட்டுப்புற அறியாமை என்று யாராவது சிரித்தால், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெட் கப்ட்சக் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். ஐ.பி.எஸ். என்கிற குடல் தொல்லை உள்ள 80 பேர். பாதிப் பேருக்குச் சத்து எதுவும் இல்லாத மாத்திரையைக் கொடுத்து, "இதில் மருந்து கிடையாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியே கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு மாத்திரை இல்லை, டாக்டரோடு அதே அளவு பேச்சு மட்டும். மூன்று வாரத்தில், மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேர் போதுமான அளவு நிவாரணம் கிடைத்தது என்றார்கள். மாத்திரை இல்லாதவர்களில் 35 சதவீதம். பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிக் கொடுத்ததற்கு இந்தப் பலன் என்றால், பளபளப்பான டப்பாவில் தங்க எழுத்தில் அச்சடித்து, மாதம் ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கும் சரக்குக்கு எவ்வளவு இருக்கும்!

இனி நான் தலைப்பில் சொன்ன 93 பேர். நெதர்லாந்தில் குடும்ப டாக்டர்களிடம் வழக்கமாக வரும் ஐ.பி.எஸ். நோயாளிகள் 275 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2009-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. 85 பேருக்கு நாள்தோறும் பத்து கிராம் சிலியம், அதாவது நம் இசப்கோல். 97 பேருக்குப் பத்து கிராம் கோதுமைத் தவிடு. 93 பேருக்குப் பத்து கிராம் அரிசி மாவு. பன்னிரண்டு வாரம். முதல் மாத முடிவில் இசப்கோல் சாப்பிட்டவர்களில் 57 சதவீதம் பேருக்குத் திருப்தி. தவிடு சாப்பிட்டவர்களில் 40. அரிசி மாவில் 35.

அந்த 35-ஐப் பாருங்கள். அரிசி மாவை மட்டும் டப்பாவில் அடைத்து விற்று, வாங்கியவர்களிடம் கேட்டிருந்தால், மூன்றில் ஒருவர் "நல்லா கேக்குதுங்க" என்றிருப்பார். கேட்கிறது என்று சொல்பவர் படத்தோடு பெயரையும் போட்டு விளம்பரம் செய்யலாம், ஒரு பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. இசப்கோலின் உண்மையான பலன் 57 இல்லை, 57-க்கும் 35-க்கும் நடுவில் இருப்பதுதான். அந்த இடைவெளி இருக்கிறது என்று காட்டியவர்கள் அரிசி மாவைத் தின்ற 93 பேர். அவர்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

தவிடு பற்றியும் ஒரு வார்த்தை. 'நார்ச்சத்து சாப்பிடுங்கள்' என்று எல்லா மருத்துவப் பக்கமும் பொதுவாக எழுதுகிறது. அந்த ஆய்வில் தவிடு சாப்பிட்டவர்கள் பலர் தொல்லை அதிகமாகிறது என்று பாதியில் நின்றுவிட்டார்கள். ஒரு நார் உதவியது, மற்றொரு நார் உபத்திரவம் செய்தது. கடையில் இசப்கோல் கேட்பவர்களிடம் நான் சொல்வது, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள், மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்பதுதான். உலர்ந்தபடி வாயில் போட்டால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்து உலகமெல்லாம் போகிற சரக்கு அது, நம் ஊரில் விலையும் குறைவு. அதனால்தானோ என்னவோ, யாரும் அதற்குக் கால் பக்க விளம்பரம் தருவதில்லை.

விளம்பரமே இல்லாத இன்னொன்று துத்தநாகம், ஜிங்க் மாத்திரை. 1995-இல் டெல்லியில் வயிற்றுப்போக்கு கண்ட 937 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஜிங்க் பெற்ற குழந்தைகளுக்குப் பேதி நீடிக்கும் வாய்ப்பு 23 சதவீதம் குறைந்தது. அதன்பின் பல நாடுகளில் சோதனைகள் தொடர்ந்தன. 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்கும் கொடுக்கச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், பத்து முதல் பதினான்கு நாள். அதோடும் விடவில்லை. இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் 20, 10, 5 மில்லிகிராம் என்று மூன்று அளவிலும் கொடுத்துப் பார்த்து, குறைந்த அளவே போதும், வாந்தியும் குறைகிறது என்று 2020-இல் வெளியிட்டார்கள். ஒரு சத்து மாத்திரையைச் சோதிப்பது என்றால் இப்படி. வேலை செய்கிறதா, எவ்வளவு போதும், என்ன கெடுதல் என்று ஒவ்வொன்றாக. ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுக்கிற மாத்திரை, அரசு நிலையங்களில் இலவசம். பேதி நின்ற மூன்றாம் நாளே தாய்மார்கள் நிறுத்திவிடுவார்கள், அதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. (ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே சர்க்கரைப் பானங்களுக்கு வைத்து விற்றதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் நிறுத்தியது. அதுவரை எத்தனை குழந்தைகள் பேதியோடு அதைக் குடித்தார்களோ.)

சரி, விளம்பரத்தில் வரும் 'நல்ல பாக்டீரியா', அதாவது புரோபயாடிக் விஷயத்துக்கு வருவோம். சோதனையே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது, நம் வேலூரிலேயே நடந்திருக்கிறது. கொல்கத்தாவின் குடிசைப் பகுதியில் ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான 3,758 குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரம் தினமும் பானம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு லாக்டோபேசிலஸ் கேசி ஷிரோட்டா என்ற பாக்டீரியா கலந்த பானம், பாதிப் பேருக்கு அது இல்லாத பானம். பாக்டீரியா குடித்தவர்களில் 608 பேருக்குப் பேதி வந்தது, குடிக்காதவர்களில் 674 பேருக்கு. 14 சதவீதப் பாதுகாப்பு என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். பெரிய ஆய்வு, நேர்மையான எண். இதே எண் விளம்பரத்துக்குள் நுழைந்தால் 'பேதியைத் தடுக்கிறது, ஆய்வில் நிரூபணம்' என்று வரும். தினமும் குடித்தும் பேதி வந்த 608 குழந்தைகள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 124 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளிவந்தது. எல்.ஜி.ஜி. என்ற பாக்டீரியா, நான்கு வாரம். ரோட்டா வைரஸால் பேதி வந்த குழந்தைகளில் மறுபடி பேதி வந்தது, எல்.ஜி.ஜி. பெற்றவர்களில் 25 சதவீதம், போலி பெற்றவர்களில் 46 சதவீதம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியால் பேதி வந்த குழந்தைகளுக்கு அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. ஒரே ஊர், ஒரே பாக்டீரியா, பேதிக்குக் காரணம் வேறு, பலனும் வேறு. நான்கு ஆண்டு கழித்து அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் 971 குழந்தைகளுக்கு அதே எல்.ஜி.ஜி.யை ஐந்து நாள் கொடுத்தார்கள். கடுமையான பேதி தொடர்ந்தது 11.8 சதவீதம் பேருக்கு, போலியில் 12.6. அதாவது ஒன்றுமில்லை. அதே ஆண்டு கனடாவில் 886 குழந்தைகளிடம் வேறு இரண்டு பாக்டீரியாக்களின் கலவையைச் சோதித்தார்கள். அங்கும் ஒன்றுமில்லை. ஆகவே 'புரோபயாடிக் வயிற்றுக்கு நல்லது' என்பதும் 'மாத்திரை உடம்புக்கு நல்லது' என்பதும் ஒரே ரகம். எந்த மாத்திரை, எந்த உடம்பு, என்ன வியாதி என்று கேட்காமல் அதில் ஒரு செய்தியும் கிடையாது.

சாப்பிட்டால் நல்லது, இல்லாவிட்டால் கெடுதல் ஒன்றும் இல்லையே என்பார்கள். கடையில் நான் தினம் கேட்கும் வசனம் இது. அதற்குப் பதில் நெதர்லாந்திலேயே இருக்கிறது. கணையம் கடுமையாக வீங்கிய நோயாளிகளுக்குத் தொற்று வராமல் தடுக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில் ஆறு வகை பாக்டீரியாக் கலவையைக் குழாய் வழியாகக் கொடுத்து ஆய்வு நடத்தினார்கள். 2008-இல் முடிவு வெளியானது. பாக்டீரியா பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். போலி பெற்ற 144 பேரில் 9 பேர். தொற்றும் குறையவில்லை. ஒன்பது பேருக்குக் குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று திசு அழுகியது, போலிக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. அது மிகவும் முடியாதவர்கள் விஷயம், வீட்டில் தயிர் சாதம் சாப்பிடுகிறவர் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. போலிக் குழு என்று ஒன்று இருந்ததால்தான் அந்தக் கேடு கண்ணுக்குத் தெரிந்தது என்பதற்காகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் 'நோய் கடுமை, பாவம், போய்விட்டார்கள்' என்று எழுதி மூடியிருப்பார்கள். உங்கள் மஞ்சளுக்கும் இது உண்டு. குழம்பில் போடும் மஞ்சள்தூள் வேறு, மிளகுச் சாறும் சேர்த்து அடர்த்தியாக்கிய மாத்திரை வேறு. அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த விளம்பரங்களைப் படிப்பவர் எப்படி ஏமாறாமலே ஏமாறுகிறார் என்பதற்கு ஒரு உதாரணம். எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு பெண்மணி, பள்ளிக்கூடச் சத்துணவில் வேலை. இரவு வயிறு ஊதிக்கொள்கிறது என்று ஒரு காப்ஸ்யூலை மாதா மாதம் வாங்குகிறார். "இது போட்டாத்தான் மாமா வயிறு லேசா இருக்கு" என்கிறார். அதில் சந்தேகமில்லை, முகத்திலேயே தெரிகிறது. டப்பாவின் பின்னால் 'இரவு உணவுக்கு அரை மணி முன்' என்று போட்டிருக்கிறது. அதற்காக அவர் எட்டு மணிக்கு மாத்திரை போட்டு எட்டரைக்குச் சாப்பிட்டுவிடுகிறார். முன்பு எப்போது சாப்பிடுவீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். எல்லாரும் சாப்பிட்டு, சீரியல் முடிந்து, பாத்திரம் ஒழித்துவிட்டுப் பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொரு மணிக்குப் படுப்பாராம். இப்போது காப்ஸ்யூலுக்கா இந்தப் புண்ணியம், எட்டரை மணிக்கா? அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. டப்பாவை விற்ற கம்பெனியாலும் முடியாது. எட்டு மணிக்கு அரிசி மாவுக் காப்ஸ்யூல் போட்டு எட்டரைக்குச் சாப்பிட்ட இன்னொரு கூட்டம் இருந்தால்தான் தெரியும்.

அந்த டப்பாவை ஒருநாள் கையில் எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் '500 கோடி நல்ல பாக்டீரியா'. பின்பக்கம் எறும்பு எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில். இதை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மருந்து உரிம எண் கிடையாது, உணவு உரிமத்தின் பதினான்கு இலக்க எண் இருந்தது. அதாவது சட்டத்தின் கண்ணில் இது பிஸ்கட் மாதிரி ஓர் உணவு. விற்பனைக்கு வருமுன் வயிற்றுக்கு நல்லது செய்கிறது என்று மருந்தைப் போல நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் அளவில் 10 கோடி உயிருள்ள பாக்டீரியாவாவது இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு விதி. 500 கோடி என்று போட்டது தயாரித்த அன்றைக்கா, காலாவதி ஆகிற நாள் வரைக்குமா என்று அந்த டப்பாவில் இல்லை. சித்திரை வெயிலில் பார்சல் வண்டிக்குள் கிடந்து வந்த பெட்டியில் எத்தனை கோடி உயிரோடு இருக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பாக்டீரியாவின் முழுப் பெயரும் இல்லை. ஆய்வு நடப்பது குறிப்பிட்ட ஒரு வகையில், அதற்கென்று அடையாள எண் உண்டு. டப்பாவில் இனப் பெயர் மட்டும். நம் ஊர் மருந்துகளில் 'லாக்டோபேசிலஸ் ஸ்போரோஜீன்ஸ்' என்று பல காலமாக அச்சடிக்கிறார்கள். அப்படி ஒரு லாக்டோபேசிலஸே கிடையாது. அது பேசிலஸ் கோயகுலன்ஸ் என்ற வேறு ஜாதி. வெயிலைத் தாங்கும் வித்துக்கூடு கட்டும், அதனால் நம் ஊருக்கு வசதிதான். ஆனால் ஊர் பேர் தெரியாத ஆளுக்கு எந்த ஆய்வை ஆதாரமாகக் காட்டுவது?

கடைக்காரர்கள் ஏன் இதை முன்னால் அடுக்குகிறார்கள் என்று கேட்பீர்கள். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்குச் சில்லறை வியாபாரிக்கு 16 சதவீத மார்ஜின்தான். உணவு என்று வரும் டப்பாவுக்கு அந்த வரம்பு இல்லை, பத்துக்கு இத்தனை இலவசம் என்று ஸ்கீம் வேறு. தம்பி மகன் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவன் வாடகை கொடுக்க வேண்டும், அது எனக்கும் தெரியும்.

எல்லாச் சத்துப் பொருளும் ஏமாற்று என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கணையம் சுரக்காதவருக்கு நொதி மாத்திரை உயிர் காக்கும். மலத்தில் கொழுப்பு எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்தே அதைக் கண்டுகொள்ளலாம், அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு, பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி உதவுகிறதா என்பதை மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளந்து சொல்லிவிடலாம். தயிரில் உள்ள உயிருள்ள பாக்டீரியா பால் சர்க்கரையைச் செரிக்க உதவுகிறது என்ற கூற்றை, புரோபயாடிக் விளம்பர வாசகங்களை வரிசையாக நிராகரித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் பாட்டிமார் சொன்னதுதான் என்று மார் தட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

பாட்டிமார் என்றதும் பழைய சோறு ஞாபகம் வருகிறது. அதுவும் இப்போது 'இயற்கை புரோபயாடிக்' ஆகிவிட்டது. சமைத்து ஆறிய சோற்றில், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் மாவுச்சத்து கொஞ்சம் உண்டாகிறது என்பது உண்மை. அந்த வகை மாவுச்சத்துக்குப் பலன் உண்டு என்பதையும் வேலூர்க்காரர்கள்தான் காட்டினார்கள். 2000-ஆம் ஆண்டில், காலரா கண்ட 48 பேரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவின் கரைசலில் மக்காச்சோளத்திலிருந்து எடுத்த அப்படிப்பட்ட மாவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றது. ஆனால் அது மக்காச்சோள மாவு, வியாதி காலரா. அதை வைத்து நம் நீராகாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. பழைய சோற்றையே சோதிக்க வேண்டுமென்றால் இன்னொரு சங்கடம் உண்டு. போலிப் பழைய சோறு எப்படிச் செய்வது? அந்தப் புளிப்பும் வாசமும் இல்லாமல் ஒருவருக்குக் கொடுத்தால் தஞ்சாவூர்க்காரன் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோறு பற்றி ஆய்வு செய்வதாகச் செய்தி வந்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான். புதுச் சோறு சாப்பிடும் குழு ஒன்றை வைத்தாவது ஒப்பிட வேண்டும். நானும் காலையில் பழையது சாப்பிடுகிறவன். சின்ன வெங்காயத்தோடு சாப்பிட நன்றாக இருக்கிறது, அந்தக் காரணம் எனக்குப் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நிஜமாகவே கவலை உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மலம் கழிக்கும் வழக்கம் மாறுவது, விழுங்கச் சிரமம். இவற்றில் எது இருந்தாலும் கடைப் பக்கம் வராமல் டாக்டரிடம் போக வேண்டும். மாதக் கணக்கில் ஜீரண சிரப் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தையல்காரருடைய பேன்ட் இடுப்பில் இரண்டு மடிப்புப் பிடித்துத் தைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, சிரப் தரமாட்டேன் என்று சண்டை போட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். நல்லவேளையாக நேரத்தில் போனார். சிரப் அவருக்குக் கொஞ்சம் 'கேட்டுக்கொண்டு' இருந்ததுதான் அங்கே ஆபத்து.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வயிற்றுக்கு நல்லது என்று ஒரு காப்ஸ்யூலையோ, பொடியையோ, பானத்தையோ பற்றிக் கட்டுரை போடும்போது, எதோடு ஒப்பிட்டார்கள், ஒப்பிட்ட குழுவில் எத்தனை பேருக்குச் சரியானது என்பதை மட்டும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். 'பயன்படுத்தியவர்களில் இத்தனை சதவீதம்' என்ற எண் தனியாக வந்தால் அதை அச்சிடாமல் திருப்பி அனுப்புங்கள். இந்தியாவில் நடந்த ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் இருக்கிறதா என்று நிருபர் தேடிப் பார்க்கலாம். 2007-இல் தொடங்கிய பதிவேடு, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எத்தனை பேர், எதை அளக்கப் போகிறார்கள், யார் பணம் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். உப்புசம் குறைகிறதா என்று பார்க்கப் போய், குறையவில்லை என்றதும் 'மனத் தெம்பு கூடியது' என்று கதையை மாற்றுவது அதில் மாட்டிக்கொள்ளும். விளம்பரத்தைக் கட்டுரையின் அதே எழுத்துருவில் போடுவதையும் விட்டுவிட்டால் நல்லது. என் சம்பந்தி அந்தக் கால் பக்கத்தைத் தாங்கள் எழுதியது என்றே நினைத்துக்கொண்டு எனக்கு போன் செய்தார்.

அடுத்த ஞாயிறு ஓமம் பற்றி எழுதப் போவதாகக் கட்டுரையின் அடியில் போட்டிருக்கிறீர்கள். ஆவலோடு காத்திருக்கிறேன். ஓமத்தைச் சோதித்தவர்கள் ஓமம் இல்லாமல் அதே வாசம் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.